அட்டை தந்தால் போதுமா?

2047ஆம் ஆண்டுக்குள் அரிவாள் செல் சோகையை ஒழிப்போம் என்று அறிவித்து, 2023 ஜூலை 1 அன்று ஒன்றிய அரசு ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. 40 வயது வரையிலான 7 கோடிப் பேரின் இரத்தத்தைச் சோதிப்பதும் முடிவை அட்டையில் பதிந்து தருவதும் அதன் முதன்மைப் பணிகள். சோதனை தேவைதான், அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் நோயோடு ஏற்கெனவே பிறந்துவிட்டவர் நாளைக் காலை வேலைக்குப் போவது எப்படி என்ற கேள்விக்கு அந்த அட்டையில் விடையில்லை.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது. அம்மலைக்கு வடக்கே, மைசூரு மாவட்டத்தின் ஹெக்கடதேவன கோட்டை, ஹுன்சூர் வட்டங்களில் வாழும் ஜேனு குருபா மக்களிடமும் அது உண்டு. நாகரஹோளே காட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட இம்மக்களில் பலர் இன்று குடகின் காப்பித் தோட்டங்களில் தினக்கூலிகள்.

இரத்தச் சிவப்பணு வட்ட வடிவம் இழந்து அரிவாளாய் வளைகிறது, நுண்குழாய்களில் அடைத்துக்கொள்கிறது. (நம் கொடியில் உழைப்பின் சின்னமாக விளங்கும் கருவியின் பெயரை, உழைப்பைப் பறிக்கும் நோய்க்கு எழுத நேரும்போதெல்லாம் என் பேனா சற்றுத் தயங்கும்.) அடைபட்ட இடத்தில் எலும்பை முறிப்பது போன்ற வலி. குளிரும் நீரிழப்பும் கடும் உழைப்பும் அதைத் தூண்டுபவை. காப்பிப் பழம் பறிக்கும் காலமோ பனிக்காலம். விடியற்குளிரில் ஜீப்பில் நெருக்கியடித்துப் பயணம். ஒதுங்க மறைவிடம் இல்லாத வேலைத்தலங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது யாவரும் அறிந்ததே. இந்நோயுள்ள பெண்ணுக்கோ தண்ணீரே பாதி மருந்து.

வெளியே புண்ணில்லை, கட்டில்லை. நேற்று மூட்டை சுமந்தவர் இன்று எழ முடியவில்லை என்றால், மேஸ்திரியின் கண்ணுக்கு அது சோம்பல். அண்டை வீட்டாருக்குக் குடி. ஆகவே வலியை மறைத்துக்கொண்டே வேலைக்குப் போகவேண்டியிருக்கிறது. ஹைட்ராக்சியூரியா மாத்திரை வலி வரும் தடவைகளைக் குறைக்கும். ஆனால் நாள்தோறும் விழுங்கவேண்டும், இரத்த அணுக்களின் எண்ணிக்கையை அவ்வப்போது பார்க்கவேண்டும். அதற்கு மைசூரு நகரம் வரை வருவதானால் ஒரு நாள் கூலி போயிற்று. 2023 ஜூன் முதல் கர்நாடகப் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லை. நல்ல திட்டம், கூலியை அது ஈடுசெய்யாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றது. அதே சட்டத்தின் 34ஆவது பிரிவு அரசுப் பணியில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்குகிறது. அப்பிரிவில் இரத்தக் கோளாறுகளுக்கு இடமில்லை! 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நோய்க்கால உதவித்தொகை தரச் சொன்னது. ஜீப்பில் வந்திறங்கும் தினக்கூலிக்கு அது எட்டாக்கனி. 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த மரபணுச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் வைக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். அதைப் பற்றி ஹாடிகளில் பேசுவது கேலியாகவே படும்.

வலியில் படுத்த நாளுக்கும் மருத்துவமனைக்குச் சென்ற நாளுக்கும் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாத ஈட்டுத்தொகை. துணை சுகாதார நிலையத்திலேயே மாத்திரையும் இரத்தச் சோதனையும். 34ஆவது பிரிவில் திருத்தம். பழங்குடி அமைப்புகளும் தோட்டத் தொழிலாளர் சங்கங்களும் இவற்றைக் கூட்டாக எழுப்பவேண்டும். அதுவும் அடுத்த பறிப்புக் காலக் கூலிப் பேச்சு தொடங்குமுன்பே.