80 விழுக்காடு: அச்சமா, ஆதரவா, அடுக்குமுறையா?

2022 ஜூலையில் மாஸ்கோ நகரத் தெருவொன்றில் ரேடியோ லிபர்ட்டி செய்தியாளர்கள் வழிப்போக்கர்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தனர். அவ்வழியே சென்ற ஒருவர் உக்ரைன் போரைப் பற்றித் தம் மனத்தில் பட்டதைச் சொன்னார். அவர் கூட்டம் கூட்டவில்லை, துண்டறிக்கை வழங்கவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவே. படையைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்பினார் என்று 2024 ஏப்ரலில் அவருக்கு ஐந்தாண்டுக் கட்டாய உழைப்புத் தண்டனை விதிக்கப்பட்டது. சில மாதங்களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஐந்தாண்டுச் சிறைத்தண்டனையாக மாற்றியது.

ரஷ்ய மக்களின் போர் ஆதரவு குறித்து நாம் படிக்கும் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் அருகே இந்த ஐந்து ஆண்டுகளையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

ரஷ்யாவில் அரசு சாராத கருத்துக்கணிப்பு நிறுவனங்களுள் முதன்மையானது லெவாடா மையம். அரசு அதனை 2016இலேயே 'அயல்நாட்டு முகவர்' என்று முத்திரை குத்திவிட்டது. ரஷ்யப் படைகளின் நடவடிக்கையை ஆதரிக்கிறீர்களா என்ற அதன் கேள்விக்கு 2022 மார்ச்சில் 81 விழுக்காட்டினர் 'ஆம்' என்றனர். அதன் பின்னரும் ஆதரவு 70 விழுக்காட்டுக்கு மேலேயே நிலைத்து வந்துள்ளது. இந்த எண்ணை வைத்துக்கொண்டு இரு தரப்பினர் இரு முடிவுகளுக்கு வருகின்றனர். ரஷ்யர் அனைவரும் போர்வெறியர் என்பது ஒன்று. அச்சத்தால் பொய் சொல்லும் அப்பாவிகள் என்பது மற்றொன்று. இரண்டும் எளிய முடிவுகள். இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

அச்சத்தின் பங்கு

2022 மார்ச் 4 அன்று இயற்றப்பட்ட சட்டம், படையைப் பற்றிய 'பொய்ச் செய்தி'க்கு 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. உக்ரைனில் குழந்தைகள் இறந்துகொண்டிருக்கையில் இங்கே குழந்தைகளுக்கு ஓவியப்போட்டி நடத்துவது எப்படித் தகும் என்று உள்ளாட்சிக் கூட்டத்தில் கேட்ட மாஸ்கோ உறுப்பினர் அலெக்சி கோரினோவுக்கு ஏழாண்டுச் சிறை. கடையின் விலைச்சீட்டுகளை எடுத்துவிட்டுப் போர்ச் செய்திகள் அச்சிட்ட சீட்டுகளை வைத்த ஓவியர் சாஷா ஸ்கோசிலென்கோவுக்கும் ஏழாண்டு விதிக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட் கைதிகள் பரிமாற்றத்தில்தான் அவர் விடுதலையானார். முகமறியாத ஒருவர் வீட்டு வாசலில் நின்று போரை ஆதரிக்கிறீர்களா என்று கேட்கும்போது இச்செய்திகள் யாருக்கும் மறந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த அச்சத்தின் அளவை அறிய ஆய்வாளர்கள் ஒரு வழியைக் கையாண்டனர். பதிலளிப்போரை இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்குச் சில பொதுவான செய்திகள் கொண்ட பட்டியலைத் தந்தனர். மற்றதற்கு அதே பட்டியலுடன் போரையும் சேர்த்துத் தந்தனர். எவற்றை ஆதரிக்கிறீர்கள் என்று கேட்காமல், எத்தனையை ஆதரிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டனர். இதனால் தனிமனிதர் எவரும் தம்மைக் காட்டிக்கொள்ள நேரவில்லை. இரு குழுக்களின் சராசரிக்கு இடையிலான வேறுபாடே போர் ஆதரவின் அளவைக் காட்டிவிடும். 2022இல் சாப்கோவ்ஸ்கி, ஷாவ்ப் ஆகியோர் நடத்திய இந்த ஆய்வில், நேரடியாகக் கேட்டபோது கிடைத்த ஆதரவு ஏறத்தாழ 10 முதல் 15 புள்ளிகள் வரை குறைந்தது.

அதாவது, அச்சம் உண்மை. ஆனால் அச்சத்தைக் கழித்த பின்னரும் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரவாளர்களாகவே எஞ்சினர். இந்த எச்சத்தை விளக்காமல் நாம் கடந்துபோக முடியாது.

ஆதரவின் உள்ளே இருப்பது

2022 செப்டம்பர் 21 அன்று 3 லட்சம் பேரைப் படைக்கு அழைக்கும் ஆணை வந்தது. அந்நாட்களில் லெவாடா கேட்டபோது, அவ்வறிவிப்பால் கலக்கமும் அச்சமும் கொண்டதாக 47 விழுக்காட்டினர் கூறினர். அடுத்த மாதம் 57 விழுக்காட்டினர் அமைதிப் பேச்சுவார்த்தை வேண்டும் என்றனர். போர் தொடரட்டும் என்றோர் 36 விழுக்காட்டினர் மட்டுமே. ஆனால் அப்போதும் 'படையை ஆதரிக்கிறேன்' என்றோர் 70 விழுக்காட்டுக்குக் குறையவில்லை. போர் தம் வீட்டுக் கதவைத் தட்டியதும் அமைதி வேண்டப்பட்டது. கைப்பற்றிய நிலத்தைத் திருப்பித் தரலாமா என்று கேட்டால் அதற்குப் பெரும்பான்மையினர் உடன்படவில்லை. இவ்வமைதி விருப்பத்தில் உக்ரைனியரின் துயருக்கு எத்தனை இடம் உண்டு என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

பொதுச் சமூகவியல் ஆய்வகம் என்னும் ஆய்வுக்குழு 2023இல் ஸ்வெர்த்லோவ்ஸ்க், புர்யாத்தியா, கிராஸ்னோதார் ஆகிய பகுதிகளில் தங்கி மக்களோடு பழகியது. அங்கே கொந்தளிக்கும் ஆதரவையும் அது காணவில்லை. வெளிப்படையான எதிர்ப்பையும் காணவில்லை. பலர் போரைப் பற்றிப் பேசுவதையே தவிர்த்தனர். 'மேலிடத்திற்குத் தெரியும்', 'நம்மால் என்ன ஆகும்' என்னும் மனநிலையே மிகுந்திருந்தது. அதிகாரத்தின் கண்ணுக்கு இந்த மௌனமே போதுமான ஆதரவாகிறது.

'அண்ணன்' என்னும் அடுக்குமுறை

இந்த மௌனம் எளிதாகக் கைகூடுவதற்கு ஒரு நெடிய வரலாறு துணை நிற்கிறது. ஜார் பேரரசு ரஷ்யரைப் 'பெரிய ரஷ்யர்' என்றும் உக்ரைனியரைச் 'சிறிய ரஷ்யர்' என்றும் அழைத்தது. 1863இல் உள்துறை அமைச்சர் வாலுயெவ், தனியான சிறிய ரஷ்ய மொழி என ஒன்று இல்லை என்ற கருத்தைச் சுற்றறிக்கையாக்கினார். 1876இல் எம்ஸ் ஆணை உக்ரைன் மொழியில் நூல்கள் அச்சிடுவதைத் தடை செய்தது. சோவியத் காலத்தில் ரஷ்யர் 'மூத்த சகோதரர்' ஆயினர். 2021 ஜூலையில் புதின் எழுதிய நீண்ட கட்டுரை, இருவரும் ஒரே மக்கள் என்று வாதிட்டது. ஒரே மக்கள் என்று சொல்லும் உரிமை எப்போதும் அண்ணனிடமே இருக்கிறது; தம்பி மறுத்தால் அது துரோகமாகிவிடுகிறது. மரியுபோலும் புச்சாவும் இந்த உறவுமுறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காட்டின.

இதே அடுக்குமுறை ரஷ்யாவின் எல்லைக்குள்ளும் இயங்குகிறது. 2018ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் சிறுபான்மை இனத்தவரின் மொழிகளை விருப்பப்பாடமாக்கியது. தம் மொழி அழிவதைக் கண்டு பொறாத உட்முர்த் அறிஞர் ஆல்பர்ட் ராசின், 2019 செப்டம்பரில் இஷெவ்ஸ்க் நகரில் உட்முர்த் குடியரசின் சட்டமன்றக் கட்டடத்தின் முன் தீக்குளித்து இறந்தார். மறு ஆண்டு திருத்தப்பட்ட அரசமைப்பு, ரஷ்ய மொழியை 'அரசை உருவாக்கிய மக்களின் மொழி' என்று அறிவித்தது. மாஸ்கோவின் வாடகை விளம்பரங்களில் 'ஸ்லாவியருக்கு மட்டும்' என்ற வரி பல ஆண்டுகளாகப் பழகிப்போன ஒன்று. அதன் பொருளை நம் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

விலை கொடுப்பவர் யார்?

வீடு மறுக்கப்பட்டவர்களுக்குப் படையில் இடம் மறுக்கப்படவில்லை. மீடியாசோனா இதழும் பிபிசி ரஷ்யச் சேவையும் இரங்கற்குறிப்புகளையும் கல்லறைகளையும் கொண்டு, இறந்த ரஷ்யப் படையினரைப் பெயர் பெயராகத் திரட்டி வருகின்றன. 2025இல் அப்பட்டியல் ஒரு லட்சத்தைக் கடந்தது. மக்கள்தொகை விகிதப்படி துவாவும் புர்யாத்தியாவும் பெரும் இழப்பைச் சந்தித்த பகுதிகளுள் முன்னே நிற்கின்றன. மாஸ்கோ மிகவும் பின்னே நிற்கிறது. இதனை இனச் சிக்கலாக மட்டும் சுருக்குவதும் பிழை. எண்ணிக்கை அளவில் இறந்தோருள் பெரும்பாலோர் சிறு நகரங்களையும் சிற்றூர்களையும் சேர்ந்த ரஷ்யரே. 2024 ஜூலையில் படை ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாஸ்கோ நகர நிர்வாகம் அறிவித்த ஊக்கத்தொகை 19 லட்சம் ரூபிள். போரில் இறந்தால் குடியரசுத் தலைவர் ஆணைப்படி குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபிள். வறிய ஊரில் வாழ்நாள் முழுதும் உழைத்தாலும் சேராத பணம் இது. இந்தக் கையெழுத்தைக் கருத்துரிமை என்று கொள்வதா, வறுமையின் கட்டாயம் என்று கொள்வதா?

பழியும் மேலிருந்து கீழே இறங்குகிறது. புச்சா படுகொலை வெளிவந்தவுடன் உலக ஊடகங்கள் பலவற்றில் புர்யாத்தியரின் முகமே குற்றவாளியின் முகமாயிற்று. அந்நகரின் ஒரு தெருவில் நடந்த கொலைகளைப் புலனாய்வு செய்த நியூயார்க் டைம்ஸ், ப்ஸ்கோவ் நகரைச் சேர்ந்த 234ஆவது வான்வழித் தாக்குதல் படைப்பிரிவையே அடையாளம் காட்டியது. புர்யாத்தியப் படையினர் எவரும் குற்றமற்றவர் என்று இதற்குப் பொருளில்லை. ஒடுக்கப்பட்டவர் கையில் துப்பாக்கி தரப்பட்டால் அவரும் ஒடுக்குபவராகலாம். அவரால் கொல்லப்பட்ட உக்ரைனியருக்கு அவர் வறுமை ஆறுதலாகாது. ஆயினும் ஆணையிட்டவரைத் தப்பவிட்டு, முகத்தோற்றத்தைக் கொண்டு பழி சுமத்துவது நீதியாகாது.

கதவு திறந்தபோது

பொதுக்கருத்து உருவாகப் பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் சற்றே திறந்த தருணங்கள் உண்டு. 2022 செப்டம்பரில் தாகெஸ்தானின் மகச்கலாவில் பெண்கள் காவலர்களை நேர்நின்று எதிர்த்துத் தம் ஆண்களை ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்டனர். 2024 ஜனவரியில், போரை எதிர்த்துப் பேசிய வேட்பாளர் போரிஸ் நதேழ்தினுக்குக் கையொப்பமிட, கடுங்குளிரில் நகரந்தோறும் மக்கள் வரிசையில் நின்றனர். பெயரையும் கடவுச்சீட்டு விவரத்தையும் எழுதித் தரவேண்டும் என்று அறிந்தே நின்றனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்தன. பிப்ரவரி 8 அன்று தேர்தல் ஆணையம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது.

ஆகவே 80 விழுக்காடு என்ற எண்ணை நாம் பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம், ஒரு மக்களினத்தின் இயல்பு என்று ஏற்கவும் வேண்டாம். அதற்குள் அச்சம் உண்டு, அண்ணன் மனப்பான்மை உண்டு, பிறர் துயரைப் பாராமல் வாழப் பழகிய மௌனமும் உண்டு. அச்சம் அரசு மாறினால் நீங்கலாம். மற்ற இரண்டும் அரசு மாறுவதால் மட்டும் நீங்குபவை அல்ல. பேரரசின் அடுக்குமுறையை ரஷ்ய மக்கள் தாமே கேள்விக்குட்படுத்தும் நாளில்தான் உக்ரைனியருக்கும் புர்யாத்தியருக்கும் உட்முர்த் மக்களுக்கும் ரஷ்யச் சிற்றூர் ஏழைகளுக்கும் விடுதலை தொடங்கும். அவ்வரிசையில் குளிரில் நின்றவர்கள் அந்நாளை நோக்கியே நின்றனர் என்று நாம் கருதுகிறோம்.