குன்று ஏறட்டும் நம் பெண்மக்களும்

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் வழியில், பொட்டல் வெளியினின்று எழுந்து நிற்கும் கருங்கல் குன்று திருமயம். மேலே 1687-இல் சேதுபதி எழுப்பிய கோட்டை. விடுமுறையில் நம் குடும்பங்கள் அங்குச் செல்வதுண்டு. ஆண்பிள்ளைகள் உச்சிக்கு ஓடுகின்றனர். பெண்பிள்ளைகளோ அடிவார நிழலில் பைகளுக்குக் காவலாக அமர்த்தப்படுகின்றனர். ‘பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?’ என்பார்கள்.

இது மார்க்கம் விதித்ததன்று. நாமே உண்டாக்கிக்கொண்ட வழக்கம். ஸஃபாவும் மர்வாவும் பாறைக் குன்றுகளே. பாலகர் இஸ்மாயீலுக்குத் தண்ணீர் தேடி அவற்றில் ஏறி இறங்கியவர் அன்னை ஹாஜரா (அலை). ஹஜ்ஜிலும் உம்ராவிலும் அந்தப் பெண்மணியின் அடிச்சுவட்டில்தான் ஆண்களும் ஏழு முறை நடக்கின்றனர்.

மேடேறுகையில் தக்பீரும் இறங்குகையில் தஸ்பீஹும் கூறுவது ஸஹாபாக்களின் வழக்கம் என்பதை ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. மதரஸாவில் இதை இருபாலருக்கும் கற்றுக்கொடுக்கிறோம். கற்றதை ஒரு குன்றின்மேல் மூச்சிரைக்கச் சொல்லிப் பார்க்கும் வாய்ப்பு மட்டும் மகனுக்கே உரியதா?

பெற்றோர்களே, கோடையில் பாறை சுடும். மார்கழி, தையில் செல்லுங்கள். பைகளை அத்தா பார்த்துக்கொள்ளட்டும்.