பிறவியில் வராத காய்ச்சல்

கறுப்பருக்கு மஞ்சள் காய்ச்சல் பிறவியிலேயே வராதாம்! சார்ல்ஸ்டன் வைத்தியர் லைனிங் முன்பு எழுதிவைத்ததை நம்பி, 1793-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் ரஷ் என்னும் பெரிய டாக்டர் அப்படிச் சொல்லி, அவர்களை நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய அழைத்தார். (அவருடைய சிகிச்சையோ இரத்தம் வடிப்பதும் பாதரச பேதியுந்தான்.) சுமார் 5,000 பேர் மாண்டார்கள். பணக்காரர் ஊரைவிட்டு ஓடினார்கள். கறுப்பர் பிணந்தூக்கினார்கள், தாங்களும் மாண்டார்கள். தாம் நினைத்தது தப்பென்று ரஷ்ஷே 1794-ல் தம் புஸ்தகத்தில் ஒப்புக்கொண்டார். ஒருமுறை கண்டு பிழைத்தவனுக்கு மறுபடி வராது, அவ்வளவுதான். தோலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கின்றோம். இவ்வளவு உழைத்ததற்குக் கிடைத்த நன்றி என்ன? கூலிக்கொள்ளை, திருட்டு என்று மாத்யூ கேரி பிரசுரித்த பழி! அந்தக் கேரியோ நடுவில் ஊரைவிட்டுப் போயிருந்தவர். அப்ஸலம் ஜோன்ஸும் ரிச்சர்டு ஆலனும் 1794-ல் வரவுசெலவுக் கணக்கையே அச்சிட்டுக் காட்டினார்கள். அவர்களுக்கு மிஞ்சியது கைநஷ்டம்.