சுரங்கத்தை விட்டு மலையேறுங்கள்

கோடை விடுமுறைக்குப் பேர்னிலிருந்து இத்தாலிக்குக் காரில் போகும் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் பல, கோத்தார்ட் சுரங்கத்தைத்தான் நம்புகின்றன. 1980இல் திறந்த அது கிட்டத்தட்ட 17 கி.மீ. நீளம். நெரிசல் நாளில் அதன் வாசலிலேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டும். பின்சீட்டில் பிள்ளை கைப்பேசிக்குள் மூழ்கிவிடும்.

சில வருடங்களுக்கு முன் நானும் மகளும் கிரிம்சல், ஃபுர்கா கணவாய்கள் வழியே போனோம். ஃபுர்கா 2,429 மீட்டர் உயரம். எதிரே வருவது தெரியாத வளைவுகளில் மஞ்சள் தபால் பேருந்து மூன்று சுரத்தில் ஹாரன் அடிக்கும். கேட்டதும் வழிவிட வேண்டும். காது கொடுத்துக் கேட்டு, "அப்பா, பஸ் வருது!" என்று எச்சரிப்பது மகளின் வேலை.

வழியில் ரோன் பனியாற்றின் ஓரத்தில், உருகுவதைக் குறைக்க வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். வெயிலை அது திருப்பி அனுப்பும் என்றேன். "அப்ப முழு மலைக்கும் போர்த்தலாமே?" என்றாள். அடிவாரம் வரை அதே பேச்சுத்தான். வீட்டில் இப்படிப் பேச எங்களுக்கு நேரம் வாய்ப்பதே இல்லை.

இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது கியரில் இறங்குங்கள். குளிர்காலத்தில் கணவாய்களை மூடிவிடுவார்கள். கோடையிலேயே பிள்ளையைக் கூட்டிப் போங்கள்.