‘சும்மா’ இருப்பதன் கௌரவம்

“வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்” என்று சொல்லும் பெண்ணிடம் இரக்கப்படுவதை நிறுத்திவிட்டு வாதாடத் தொடங்க வேண்டும். அந்தச் ‘சும்மா’வில் தன்னடக்கத்தோடு கௌரவமும் கலந்திருக்கிறது. கூலிக்குப் போகத் தேவையில்லாத குடும்பத்துப் பெண் நான் என்கிற கௌரவம்.

அதன் விலை என்ன என்பதை ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் கணக்குப் பார்த்திருக்கிறார். ஆந்திராவின் நரசாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றிய அவருடைய நூல் 1982இல் வெளிவந்தது. அங்கே காப்பு சாதிப் பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து, சமையல், பிள்ளை வளர்ப்புக்கு நடுவே, மணிக்கணக்கில் லேஸ் பின்னினார்கள். அது வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது. லாபம் வியாபாரிகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் சேர்ந்தது. பின்னியவர்களோ தங்களைத் தொழிலாளி என்று நினைக்கவில்லை. இல்லத்தரசிகள் ஓய்வு நேரத்தில் செய்கிற கைவேலை என்றே அதைச் சொன்னார்கள். வயலில் கூலிவேலை செய்த தலித் பெண்கள் இவர்களைவிட அதிகம் சம்பாதித்தார்கள். ஆனாலும் வீட்டுப் படி தாண்டாத தாங்களே உயர்ந்தவர்கள் என்று இவர்கள் நம்பினார்கள்.

இந்த நம்பிக்கையால் யாருக்கு ஆதாயம்? ஓய்வு நேர வேலைக்கு நியாயமான கூலி கேட்க முடியாது. இல்லத்தரசிக்குச் சங்கம் கிடையாது. வயலுக்குப் போகிறவளைவிட நான் மேல் என்று நினைப்பவள் அவளோடு சேர்ந்து போராட மாட்டாள். கூலிக்குப் பதிலாக அந்தஸ்தைக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு அதில் காலணா செலவில்லை.

“இருக்கிற ஒரே ஆறுதலையும் ஏன் பிடுங்குகிறீர்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. படி தாண்டினால் ஏச்சும் அடியும் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆறுதல் இன்னொரு பெண்ணைத் தாழ்வாக நினைப்பதால் கிடைப்பது. தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பொய்யால் தானும் ஏமாந்து, சாதிக்கும் காவல் நிற்கிறாள் அவள்.

பொய்யை விட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. நெல்லை, தென்காசிப் பக்கம் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்களும் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே வரையறுத்தது. வருங்கால வைப்பு நிதியை உரிமையாகக் கேட்க முடிந்தது அந்தப் பெயரால்தான். அவர்கள் கூலி இன்றும் குறைவு. ஆனால் அதைக் குறைவு என்று சொல்ல அவர்களுக்கு வாய் இருக்கிறது.

வீட்டு வேலைக்கும் இதே கணக்குத்தான். வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக ஒன்றிய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அதைத்தான் ‘சும்மா’ என்கிறோம்.

நாளைக் காலை முதல் இரவு வரை செய்ததை நேரத்தோடு எழுதிப் பாருங்கள். பிறகும் அந்தச் சொல் வாயில் வருகிறதா என்று சொல்லுங்கள்.