கிரேக்கத்தின் வாரிசுகள் யார்?

உலக நாகரிகத்தின் தொட்டில் கிரேக்கம் என்று பாடப்புத்தகங்கள் பாராயணம் செய்கின்றன. ஏதென்ஸ் நகரத்துக் குன்றின்மீது கி.மு. 447-இல் எழுப்பத் தொடங்கிய பார்த்தினான் ஆலயத்தின் படத்தைக் காட்டி, “ஆகா, என்ன பொற்காலம்!” என்று வியப்போர் பலர். கல்லைக் கண்டு வியப்பது எளிது. அக்கல்லை எழுப்பிய மக்கள் எக்கருத்தால் உயர்ந்தனர், அக்கருத்தைத் தாமே எங்ஙனம் நெரித்தனர் என்று ஆராய்வதன்றோ அறிவுடையார் கடன்? அதனைச் செய்யாது பழம்பெருமை மட்டும் பேசுவோர் கிரேக்கத்தை அறிந்தவராகார்.

கிரேக்கர் உலகுக்கு அளித்த பெருஞ்செல்வம் ‘ஏன்?’ என்ற ஒரு கேள்வியே. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் மிலேட்டஸ் நகரத்துத் தேலீஸ், உலகம் எதனால் ஆயிற்று என்று வினவி, தேவர்களைத் துணைக்கு அழையாமல், நீரால் ஆயிற்று என்று விடை கண்டார். விடை பிழையே, எனினும் அதைத் தேடிய வழி புதுவழி. செனோபனீஸ் என்பார், ஒவ்வோர் இனத்தாரும் தத்தம் சாயலிலேயே கடவுளரைப் படைத்துக்கொள்கின்றனர் என்று எடுத்துக்காட்டி, ஹோமர் பாடிய தெய்வங்களின் களவையும் கூடாவொழுக்கத்தையும் அஞ்சாது கண்டித்தார். காக்காய்வலிப்பு அந்நாளில் ‘தெய்வ நோய்’ எனப் பெயர் பெற்றிருந்தது. மந்திரிப்போர் அதனால் வயிறு வளர்த்தனர். ஹிப்பாக்கிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்றோ, இந்நோய் பிற நோய்களினும் தெய்வத்தன்மை உடையதன்று, மூளையிற் பிறப்பது, காரணம் அறியாதாரே அதனைத் தெய்வத்தின் தலையில் சுமத்தினர் என்று அடித்துக் கூறிற்று. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்நூலை, இன்றும் உடுக்கடித்துப் பேயோட்டுவோர் ஒருமுறை படித்தல் நன்று.

அரசியலிலும் அக்கேள்வியே புரட்சி செய்தது. மன்னன் ஏன், பிரபு ஏன் என்று கேட்ட ஏதென்ஸ் மக்கள், கி.மு. 508-இல் கிளைஸ்தனீஸ் வகுத்த முறைப்படி குடியாட்சி கண்டனர். 500 பேர் கொண்ட ஆலோசனை மன்றத்தைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தனர். ஏழையும் நீதிமன்றத்தில் நடுவனாக அமர்தல் வேண்டுமெனப் பெரிக்கிளிஸ் நாளில் நடுவர்க்குப் படியும் வழங்கினர்.

நிற்க. அக்குடியாட்சியில் பெண்ணுக்கு வாக்கில்லை, அடிமைக்கு வாக்கில்லை. வெளியூரிலிருந்து வந்து குடியேறி, ஆண்டுக்கு 12 டிராக்மா தலைவரி செலுத்தி, அந்நகருக்காகப் போரிலும் நின்றவனுக்கும் வாக்கில்லை. உழைப்பு வேண்டும், வரி வேண்டும், உயிரும் வேண்டும். உரிமை மட்டும் கேளாதே என்பது என்ன நீதி? லோரியம் வெள்ளிச் சுரங்கங்களுக்கு நிக்கியாஸ் என்ற தலைவர் 1,000 அடிமைகளை, தலைக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபல் காசு வீதம், மாட்டை வாடகைக்கு விடுவதுபோல் விட்டார் என்று செனபன் எழுதிவைத்துள்ளார். கி.மு. 416-இல் அடிபணிய மறுத்த மீலோஸ் தீவின் ஆடவரைக் கொன்று, பெண்டிர் பிள்ளைகளை அடிமைகளாக விற்றதும் இதே குடியாட்சிதான். சூரியன் தேவனல்லன், கனல் வீசும் கல் என்ற அனக்சகோரஸ் நகரை விட்டு நீங்க நேர்ந்தது. கேள்வி கேட்பதையே வாழ்வாகக் கொண்ட சாக்ரடீசுக்குக் கி.மு. 399-இல் நஞ்சுக் கிண்ணம் கிடைத்தது. குற்றம் யாது? நகரத் தெய்வங்களை ஏற்கவில்லை, இளைஞரைக் கெடுத்தார் என்பதாம்! வைதிகம் எந்நாட்டில் பிறந்தாலும் அதன் குற்றப்பத்திரிகை ஒன்றே போலும்.

“அது காலத்தின் குற்றம், அக்காலத்தார் அறியார்” என்று சமாதானம் கூறுவோர் உளர். இது பொய்ச் சமாதானம். கிரேக்கரும் அந்நியரும் வாயாலும் மூக்காலும் ஒருபடியே மூச்சு விடுகின்றனர் என்று சுட்டி, இயற்கையில் இருவரும் ஒன்றே என்றார் ஆண்டிபன். இயற்கை எவரையும் அடிமையாக்கவில்லை என்றார் அல்கிடாமஸ். அடிமைமுறை இயற்கைக்கு முரணானது என்போர் உளர் என அரிஸ்டாட்டிலே குறித்துள்ளார். குறித்தும், சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்று வாதித்தார்! ஆகவே, அறியாமற் செய்தாரல்லர். கேட்டும் செவிசாய்க்காமற் செய்தனர். அந்நச்சு வித்து பின்னர் முளைத்தது. 1550-இல் ஸ்பெயின் நாட்டு வல்லதோலித் நகரில், அமெரிக்கப் பழங்குடிகளை அடக்கியாள்வது முறையே என்பதற்குச் செபுல்வேதா என்ற அறிஞர் அரிஸ்டாட்டிலின் இவ்வாதத்தையே ஆதாரமாகக் காட்டினார். பாதிரியார் லாஸ் கஸாஸ் எதிர்த்து நின்றார். இவ்விருவருள் கிரேக்கத்தின் மெய்யான வாரிசு யார்? ஏடு காட்டியவரா, ஏட்டை எதிர்த்துக் கேட்டவரா?

இனி, கிரேக்க அறிவு ஐரோப்பாவின் பரம்பரைச் சொத்து என்பாரும் கேட்க. ஏதென்சின் தத்துவப் பள்ளிகளுக்குக் கி.பி. 529-இல் முடிவு கட்டியவர் ஜஸ்டினியன் என்ற கிறிஸ்தவப் பேரரசர். 9-ஆம் நூற்றாண்டில் கேலனின் மருத்துவ நூல்களைச் சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்துக் காத்தவர் பாக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக். தாலமியின் வானநூலை 1175-இல் தொலேதோ நகரிலிருந்து லத்தீனில் பெயர்த்த ஜெரார்டு, அதனை அரபியிலிருந்தே எடுத்தார். சேமித்தவன் ஒருவன், சொந்தம் கொண்டாடுபவன் வேறொருவனா?

அறிவுக்கு இரத்த உறவு இல்லை. பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்று கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் சேமோஸ் தீவினரான அரிஸ்டார்க்கஸ் சொன்னார், கேட்பாரில்லை. 1543-இல் கோப்பர்னிக்கஸ் நூல் வெளிவரும்வரை, முன்னோர் சொல்லே முடிவு என்ற மயக்கத்தில் ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் கழிந்தன. முன்னோரைப் பணிந்து நிற்பதன் விலை இதுவே.

அன்பர்களே! எந்நாட்டுப் பழம்பெருமையும் இந்த ஒரே தராசில் நிறுக்கத்தக்கது: கேள்வி கேட்டவனை அது வாழவைத்ததா, கொன்றதா? பார்த்தினான் இடிந்து நிற்கிறது. சாக்ரடீசின் கேள்வி இடியவில்லை. அதனைத் தன் வீட்டிலும், தன் சாதியிலும், தன் கோயிலிலும் துணிந்து கேட்பவன் எவனோ, எவளோ, அவரே கிரேக்கத்தின் வாரிசு.