பழுதுற்ற பதிவும் பழுதறு நெஞ்சும்

புறநானூற்றைப் பயில்வோர் 266 ஆம் பாட்டை முடித்து மேலே சென்றால் அடுத்துக் காண்பது 269 ஆம் பாட்டு. இடைநின்ற இரண்டும் இறந்துபட்டன. 1894 இல் அந்நூலை அச்சேற்றிய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் எஞ்சியவற்றுக்குத் தொடர்ந்து எண்ணிட்டு அக்குறையை மறைத்திருக்கலாம். சிதைந்த அடிகளில் தம் புலமையாற் சீர்களைப் பெய்து நிரப்பியுமிருக்கலாம். அங்ஙனஞ் செய்யாது, இழந்தவற்றை இழந்தனவாகவே நிறுத்தி, சிதைந்த இடங்களிற் புள்ளியிட்டு, வேறு பாடங்களை வேறாகக் காட்டினார். அப்புள்ளிகளை நோக்குந்தோறும் எமக்கு அச்சிட்ட எழுத்துக்களின்மேல் நம்பிக்கை மிகுகின்றது. இல்லாததை இல்லையென்று கூறியவர், உள்ளதை உள்ளதென்று கூறும்போது நாம் ஐயுற வேண்டுவதில்லையன்றோ?

தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணாக்கராகிய யாம் இவ்வாண்டு பௌதிக நூலைப் பற்றிச் சில சொல்லப் புகுந்தமை நண்பர்களுக்கு வியப்பாக இருக்கலாம். விடுதியில் எமக்கு அண்டையறையில் வதியும் பௌதிக மாணாக்கர் ஒருவரின் ஆய்வே இதற்குக் காரணம். அவர் எம்மினும் ஓராண்டு மூத்தவர். காந்தமானி கொண்டு வானிலோடும் மின்னோட்டத்தை ஆராய்ந்தவர். அவர் பதிவுகளைக் கண்டபோது, செல்லரித்த ஏடும் செம்மையுறாத காந்தப் பதிவும் ஓரினத்தவை என்பது எமக்குப் புலனாயிற்று. பழுதுற்ற பதிவை எறிந்துவிடுதலும் தவறு. ஒருவரும் அறியாமற் செப்பனிடுதல் அதனினும் பெருந் தவறு. பழுதைப் பழுதென்று குறித்து வைத்துப் பயன்கொள்வதே ஆய்வாளர் கடன். இதுவே யாம் நாட்ட விரும்பும் கருத்து.

முதற்கண் ஆராயப்படும் பொருளைச் சிறிது விளக்குவோம். காந்த ஊசி நாடோறும் மிகச் சிறிதே அசைந்து மீள்கின்றது என்பதை 1722 இல் இலண்டனில் ஜார்ஜ் கிரஹாம் என்பார் கண்டார். அவ்வசைவிற்குக் காரணம் வானத்தின் மேலடுக்கில் ஓடும் மின்னோட்டமே என்று 1882 இல் பால்பர் ஸ்டூவர்ட் கருதினார். அக்கருத்து மெய்யாயிற்று. ஞாயிற்றின் கதிர்கள் மேல்வானத்துக் காற்றை மின்னூட்டி அயனி மண்டலத்தை ஆக்குகின்றன. அக்காற்று பூமியின் காந்தப் புலத்தின் ஊடே வீசுங்கால், மின்னாக்கும் பொறியிற் போல, மின்னோட்டம் பிறக்கின்றது. தடையின்றித் தொங்கும் காந்த ஊசி மேலுங் கீழுஞ் சாயாது கிடையாக நிற்கும் இடங்களை இணைப்பது காந்த நடுக்கோடு எனப்படும். அக்கோட்டின் மேல், ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில், பகற்போதில் அம்மின்னோட்டம் ஒடுங்கிய ஆறுபோலச் செறிந்து கிழக்கு நோக்கிப் பாய்கின்றது. 1951 இல் சிட்னி சாப்மன் இதற்கு மின்தாரை எனப் பொருள்படும் பெயரிட்டார். பெருநாட்டு ஹுவாங்காயோவில் 1922 இல் தொடங்கிய காந்த ஆய்வுக்கூடத்திற் கண்ட மிகுதியான பகலசைவே இதனை முதலில் அறிவித்தது.

இத்தாரை நமக்கு அயலானதன்று. காந்த நடுக்கோடு நம் தென்கோடியை அடுத்தே செல்கின்றது. அதுவும் ஆண்டுதோறும் மெல்ல இடம் பெயர்கின்றது. இக்காரணம் பற்றியே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துள்ளது. நாம் நண்பகலிற் குடைபிடித்துச் செல்லும் அப்போதே நம் தலைக்கு மேல் அவ்வாறு பெருகி ஓடுகின்றது, நாம் அறிகிலோம். ஆயின் காந்தமானி அறியும்.

எனினும் காந்தமானி அறிவிப்பது தாரையை மட்டுமன்று. இங்கே பூமியின் புலம் ஏறத்தாழ 40,000 நானோ டெஸ்லா. தாரையால் நண்பகலில் ஏறுவது நூறு அளவினது. நானூற்றில் ஒரு பங்கைத் தேடுகின்றோம். அதனோடு, தொலைவில் பூமியைச் சூழ்ந்தோடும் வளைய மின்னோட்டமும், நிலத்தினும் கடலினும் தூண்டப்படும் மின்னோட்டங்களும், கருவியின் வெப்ப மாறுதலும், வாயிலிற் கடந்த மோட்டார் வண்டியும் ஒரே கோட்டிற் கலந்து எழுதப்படுகின்றன. பல குரல்கள் ஒருங்கே ஒலிக்கும் சந்தையில் ஒருவர் குரலைப் பிரித்துணர்வது போன்றது இவ்வேலை.

பிரித்துணரும் வழி ஒன்று உண்டு. தாரையின் கீழுள்ள திருநெல்வேலியின் பதிவிலிருந்து, தாரைக்குப் புறம்பே வடக்கிலுள்ள அலிபாக்கின் பதிவைக் கழிப்பர். இரண்டிற்கும் பொதுவான அசைவுகள் பெரும்பாலும் நீங்க, தாரையின் வலிமை எஞ்சும். இரவில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மின்கடத்துந் திறன் மிகக் குன்றுதலின், ஒவ்வோரிடத்தும் இரவு நிலையையே சுழியாகக் கொள்வர். ஆனால் காந்தப் புயல் வீசும் இரவு அமைதியான இரவன்று. அன்று சுழியே பிழையாம். இங்ஙனம் அளவுகோலும் ஐயத்திற்கு இடமாதலின், இத்துறையில் முழுமையான பதிவு என்பது ஒன்றில்லை. பழுது எங்கேயென்று தெரிந்த பதிவு, தெரியாத பதிவு என்னும் இரண்டே உள.

இனி எம் நண்பர் செய்தி. கல்லூரி மைதானத்தின் கோடியில் ஒரு கூரைக்கொட்டிலில், மரப்பெட்டிக்குள் காந்தமானியை வைத்து அவர் மூன்று திங்கள் பதிவெடுத்தார். மழைநாட்களில் மின்சாரம் நின்றது, பதிவும் நின்றது. காலையிற் பால்வண்டி கடந்த போதெல்லாம் கோடு துள்ளியது. ஒருநாள் மாலை அவர் காட்டிய வரைபடமோ மாசு மறுவற்று விளங்கிற்று. "அண்ணா, மின்சாரம் இல்லாத நாளிலும் உங்கள் கருவி ஓய்வெடுக்கவில்லை போலும்!" என்றோம். அவர் நகைத்து, "தம்பி, இடைவெளிகளை நேர்கோட்டால் இணைத்துவிட்டேன். இரவு நிலைக்குக் கீழே இறங்கிய அளவுகளை எல்லாம் பிழையென்று நீக்கிவிட்டேன். பார்ப்பவருக்குப் படம் அழகாக இருக்க வேண்டாமா?" என்றார்.

நீக்கியவற்றைக் காட்டும்படி வேண்டினோம். நல்லவேளையாக மூலப்பதிவு அழியாமல் இருந்தது. வண்டிகளால் வந்த துள்ளல்கள் ஒரு நிமிடத்திற்குள் எழுந்து அடங்கின. ஆனால் இரண்டு நாட்களிற் பிற்பகலில் கோடு இரவு நிலைக்குக் கீழிறங்கி, ஏறத்தாழ இரண்டு மணிநேரம் அங்கேயே தங்கியிருந்தது. எந்தப் பால்வண்டியும் இரண்டு மணிநேரம் நிற்பதில்லை. நண்பர் ஐயுற்று, அவ்விரு நாட்களுக்குரிய ஆய்வுக்கூடப் பதிவுகளை வருவித்து ஒப்புநோக்கினார். முதல்நாளின் இறக்கம் திருநெல்வேலிப் பதிவிலும் இருந்தது, அலிபாக்கில் இல்லை. ஆகவே அன்று தாரையே திசைமாறி மேற்கு நோக்கி ஓடியது. இரண்டாம் நாளின் இறக்கமோ ஆய்வுக்கூடப் பதிவில் இல்லை. பெட்டியிலிருந்த வெப்பமானியைப் பார்த்தால், அன்று காற்றிற் கூரை சரிந்து வெயில் நேரே பட்டிருந்தது புலனாயிற்று. ஒன்று வானத்தின் செய்தி. மற்றொன்று பெட்டியின் காய்ச்சல். இரண்டையும் நீக்கியிருப்பின் ஒரு மெய்யை இழந்திருப்பார். இரண்டையும் வைத்திருப்பின் ஒரு பொய்யைச் சொல்லியிருப்பார்.

அம்முதல் இறக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் காந்தப் பதிவை நோக்கி வந்த ஏசுசபைத் துறவி பியேர் குவான், பகலசைவு சிற்சில நாட்களில் தலைகீழாகத் திரும்புவதை 1962 இல் வெளியிட்டார். பின்னர் 1967 இல் அவரும் மயோ என்பாரும் அதற்கு எதிர்த்தாரை எனப் பொருள்படும் பெயரிட்டனர். ஏற வேண்டிய நேரத்தில் இறங்கிய கோட்டைக் கருவியின் கோளாறென்று அவர் துடைத்தெறிந்திருந்தால் அவ்வுண்மை அன்று வெளிப்பட்டிராது. எதிர்பார்த்ததற்கு மாறானதெல்லாம் பிழை என்னும் விதி, புதியதொன்றையும் காணவொட்டாத விதியாகும்.

"குறைகளையெல்லாம் சுமந்துகொண்டிருந்தால் ஆய்வு எங்ஙனம் முன்னேறும்? பழுதுற்ற கருவியை விலக்கி நல்ல கருவியைத் தேடுவதன்றோ முறை?" என்று சிலர் வினவலாம். நல்ல கருவி வேண்டாமென்று யாம் சொல்லவில்லை. பம்பாய்க் கொலாபாவில் 1841 முதல் காந்தப் பதிவு நடந்து வந்தது. அந்நகருக்கு மின்சார டிராம் வண்டிகள் வரவிருந்தமையால், 1904 இல் அலிபாக்கில் புதிய ஆய்வுக்கூடம் தொடங்கினர். ஆயினும் பழைய இடத்தை உடனே கைவிடாமல், 1906 வரை ஈரிடத்தும் ஒருங்கே பதிவெடுத்தனர். பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை அளந்து வைத்தமையாலன்றோ, பின்வந்தோர் இரண்டையும் ஒரு தொடராக இணைத்துப் படிக்க முடிகின்றது?

மேலும், நாம் விரும்பும்போதெல்லாம் நல்ல கருவி கிடைப்பதில்லை. 1859 செப்டம்பர்த் திங்களில் வீசிய பெருங் காந்தப் புயலில், இங்கிலாந்திற் புகைப்படத் தாளில் எழுதிய நுண்கருவியின் கோடு தாளுக்கு வெளியே ஓடிற்று. கொலாபாவிலோ மனிதர் கண்ணாற் பார்த்துக் கையால் எழுதினர். ஏறத்தாழ 1,600 நானோ டெஸ்லா இறக்கத்தை அக்கையெழுத்துப் பதிவே நமக்குக் காட்டுகின்றது. அவ்விறக்கம் வளைய மின்னோட்டத்தாலோ அயனி மண்டலத்து மின்னோட்டத்தாலோ என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். எழுதியவர்கள் எண்களை அழகுபடுத்தியிருப்பின் அவ்வாதத்திற்கே இடமில்லை. நம் காலத்தில், தொலைபேசித் தொடர்புக்காகப் பறக்கும் இரிடியம் செயற்கைக் கோள்களில் தத்தம் நிலைத்திசை அறிதற்பொருட்டு வைத்த எளிய காந்தமானிகளையும் ஆய்வாளர் பயன்கொள்கின்றனர். அவை நுண்ணிய கருவிகளல்ல. எனினும் துருவப் பகுதிகளில் அயனி மண்டலத்தோடு இணைந்தோடும் மின்னோட்டங்கள் பல நூறு நானோ டெஸ்லா மாற்றம் விளைப்பதாலும், கோள்கள் பலவாதலாலும், பழுதின் அளவை அறிந்து கழித்தபின் மிகுந்த பயன் விளைகின்றது.

எம் நண்பர் தம் ஆய்வுரையைத் திருத்தியெழுதினார். நேர்கோடுகளை அழித்து வெற்றிடம் விட்டார். வண்டித் துள்ளல்களைக் குறியிட்டு விலக்கினார். இரண்டாம் நாளின் இறக்கத்தை நீக்காமல் "வெப்பத்தால் வந்தது" என்று எழுதினார். தொண்ணூறு நாட்களில் ஆய்வுக்கு உதவியவை அறுபத்தொன்றே என்றாயிற்று. அவ்வெண்ணைத் தேர்வாளர் முன் சொல்ல அவர் நாணினார். அந்த நாணமே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. மெய்யுரைப்பவர் நாண வேண்டிய நிலையும், நேர்கோடு வரைந்தவர் நிமிர்ந்து நிற்கும் நிலையும் ஒரு கல்விச்சாலையில் இருத்தல் தகுமா?

ஆதலின் ஆசிரியப் பெருமக்களிடம் பணிவுடன் ஒரு வேண்டுகோள். மாணாக்கர் கொணரும் வரைபடத்தின் அழகுக்கு மட்டும் மதிப்பெண் வழங்காது, அவர் எழுதி வைத்த பிழைக்குறிப்புக்கும் ஒரு பங்கு ஒதுக்குவீர்களாக. எந்நாளில் பதிவு நின்றது, எதனை எக்காரணத்தால் விலக்கினார், மூலம் எங்கேயுள்ளது என்னும் மூன்றையும் கேட்பீர்களாக. அவ்வினாக்கள் மூன்றும் கேட்கப்படுமென்று அறிந்த மாணாக்கர் நேர்கோடு வரையத் துணியார்.

மாணவ நண்பர்களே! நாம் இன்று விட்டுச்செல்லும் பதிவை நாளை யாவர் படிப்பரோ, எவ்வுண்மையைத் தேடிப் படிப்பரோ, நாம் அறியோம். நமக்குப் பிழையெனத் தோன்றியது அவர்க்குப் பொருளாகலாம்; நமக்குப் பொருளெனத் தோன்றியது பிழையாகலாம். இரண்டையும் பிரித்தறியும் உரிமையை அவரிடமிருந்து பறியாதிருத்தலே நாம் அவர்க்குச் செய்யும் உதவி. ஏட்டிற் சிதைந்த இடத்திற் புள்ளியிட்ட கை நம் தமிழைக் காத்தது. பதிவின் இடைவெளியை வெற்றிடமாகவே விடும் கை நம் அறிவியலையும் காக்கும்.